இடது விளக்கின் கோளாறு

சுவரில் விழுந்த காரின் இடது முன்விளக்கு வெளிச்சத்தில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு கறை இருந்தது. லைட்டுக்காரன் விளக்கின் கண்ணாடியைத் துணியால் அழுத்தித் துடைத்தான். கறை போகவில்லை. இடது லைட்டு மினுக்குகிறது என்று காரோட்டி காலையில் விட்டுப்போன வண்டி அது.

பட்டப்பகல்தான். வெளிச்சம் எங்கே விழுகிறது என்று பார்ப்பதற்காக ஷட்டரை இறக்கிவிட்டிருந்தான். சூடேறிய ரப்பர் வாசனையும் பேட்டரியின் புளித்த நெடியும் செனான் பல்பின் மெல்லிய ரீங்காரமும் அந்த இருட்டுக் கடைக்குள் அடைத்துக்கொண்டு நின்றன. இந்தக் காருக்குப் பழைய மஞ்சள் பல்பைக் கழற்றிவிட்டு நீலமாக அடிக்கும் செனான் மாட்டியவன் அவனேதான். பழைய விளக்குக் கூட்டுக்குள் செனானைத் திணித்தால் வெளிச்சம் கண்டபடி சிதறி எதிரே வருபவன் கண்ணைக் குத்தும். தெரிந்தேதான் மாட்டினான். இன்னும் தூரம் அடிக்க வேண்டும் என்று காரோட்டி கேட்டதும், திருகைத் திருப்பி வெளிச்சத்தை ஆள் முகத்து உயரத்துக்குத் தூக்கியும் கொடுத்தான். தாராள மனசு.

மூன்று வாரத்துக்கு முன் லைட்டுக்காரனின் தம்பி நெடுஞ்சாலை வளைவில் பைக்கோடு அடிபட்டுச் செத்தான். இடித்த வண்டி நிற்கவில்லை. கண் கூசும் நீல வெளிச்சம் என்பதற்கு மேல் பார்த்தவர்களுக்கு ஒன்றும் சொல்லத் தெரியவில்லை. அது இந்த வண்டியாக மட்டும் இருந்துவிடக் கூடாது என்று அவன் மனம் அடித்துக்கொண்டது.

இடது பல்பை வலதுக்கும் வலதை இடதுக்கும் மாற்றினான். கெட்டது பல்பு என்றால் கோளாறும் பல்போடு வலப்பக்கம் போய்விடும். சுவிட்சைப் போட்டான். விளக்குகள் நீலமாக விழித்து மெல்ல வெளுத்தன.

கறை இடப்பக்கமே இருந்தது. இப்போது முழங்கை நீளம். அதற்குக் கால்கள் இருந்தன.

பல்புக்கு மின்சாரத்தை ஏற்றிக் கொடுக்கும் பெட்டிகளையும் மாற்றினான். இரண்டு முறை திருகு கீழே விழுந்தது. மறுபடி சுவிட்சைப் போட்டான்.

ஆள் உயரம். ஒரு கை கண்ணை மறைத்திருந்தது.

விளக்குக்கும் சுவருக்கும் நடுவில் ஒன்றுமே இல்லை. நிழல் பெரிதாகிறது என்றால் ஆள் விளக்கை நெருங்குகிறான் என்று அர்த்தம். அதை அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

காரோட்டிக்குப் போன் போட்டான்.

"இடது லைட்டு எப்பலேர்ந்து மினுக்குது?"

"மூணு வாரமாண்ணா. ஹைவே வளைவுல பைக்ல ஒருத்தன் கையால கண்ண மறைச்சுக்கிட்டே நேரா வந்து விழுந்தான். லேசாதான் பட்டுச்சு." காரோட்டி சிரித்தான். "நீங்க போட்ட லைட்டு அப்படிண்ணா. பெயின்ட் அடிச்சுட்டேன், யாருக்கும் தெரியாது."

போனை வைத்தான். காரின் முன்னால் நின்று, பானட்டுக்குள் குனிந்து, ஸ்பானரால் பேட்டரி ஒயரைக் கழற்றி எறிந்தான்.

ரீங்காரம் நின்றது.

வெளிச்சம் நிற்கவில்லை.

திரும்பிச் சுவரைப் பார்த்தான். அவனுடைய நிழல். இரண்டு கையாலும் ஸ்பானரைப் பிடித்திருந்தது. அதன் தோளை ஒட்டி இன்னொரு நிழல். அதே அளவு.

"எனக்குத் தெரியாதுடா தம்பி," என்றான்.

அந்த நிழல் கண்ணை மறைத்திருந்த கையை இறக்கியது. அவசரமில்லாமல் அவன் நிழலின் முகத்துக்கு நீட்டியது. விரல்கள் உள்ளே போயின.

இடது கண்ணில் சுவர் இருண்டது. வலது கண்ணுக்கு எல்லாம் தெரிந்துகொண்டிருந்தது.