புதன்கிழமை கிளம்பிய பைராகி

ஏழு நாள் திருவிழாவில் ஒரே ஒரு நாளைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் உங்களுக்குச் சந்தோஷமாக இருக்குமா? எனக்குத் தலைவலிதான் வந்தது.

என் பெயர் தரணி. நாங்கள் நகரிப் பக்கத்துக்காரர்கள். போன வருஷம்தான் திருப்பதிக்குக் குடிவந்தோம். என் அப்பா, நாங்கள் கூப்பிடுகிறபடி நைனா, பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஓட்டலில் தோசை மாஸ்டர். அம்மாவுக்கு மருத்துவமனையில் துப்புரவு வேலை. மே மாதம் வந்தால் நாட்டில் பாதிப் பேர் மலைக்கு வருகிறார்கள். அந்தப் பாதிப் பேரும் எங்கள் நைனாவிடம்தான் தோசை கேட்கிறார்கள் போல. வேலை முடிந்து வந்தால் செருப்பைக்கூடக் கழற்றாமல் சுவரில் சாய்ந்துவிடுவார்.

அதே மே மாதத்தில்தான் கங்கம்மா கோயில் திருவிழாவான ஜாத்திரையும் வந்தது. எங்களுக்கு அதுதான் முதல் ஜாத்திரை.

"ஒரு நாள் லீவு கேட்டுக்கிறேன் தரணி. எந்த நாளு போலாம்னு நீயே விசாரிச்சு சொல்லு. யோசிக்கக்கூட எனக்குத் தெம்பு இல்ல" என்றார் நைனா, கண்ணை மூடிக்கொண்டே.

பக்கத்து வீட்டு அக்ஷயாவைக் கேட்டேன். "கடைசி நாள் செவ்வாய்க்கிழமை போ. அன்னைக்குத்தான் ஊரே திரண்டு வரும்" என்றாள்.

ஊரே திரண்டு வந்தால் என் தம்பி யஸ்வந்த் என்ன செய்வான்? அவனுக்கு ஆறு வயது. மிக்ஸி ஓடினாலே காதைப் பொத்திக்கொண்டு மாடிப்படிக்கு ஓடுகிறவன். ஆனால் ஜாத்திரைக்கு வேஷம் போட்டுக்கொண்டு போகவேண்டும் என்று ஒரு மாதமாக உயிரை வாங்கிக்கொண்டிருந்தான்.

எதிர்வீட்டு ஆட்டோக்காரர் நாகையா மாமா நல்ல யோசனை சொன்னார். "சின்னப் பிள்ளைய கூட்டினு போறதுன்னா முதல் நாள் புதன்கிழமை போங்கம்மா. கூட்டம் கம்மி. உடம்பெல்லாம் நாமக்கட்டிய கரைச்சுப் பூசிவிடு. பைராகி வேஷம், சாமியார் மாதிரி. அவ்வளவுதான், வேலை சுளுவு."

புதன்கிழமை என்று முடிவானது. நாமக்கட்டியும் வாங்கியாயிற்று.

புதன்கிழமை காலையில், கல்யாணத்துக்கு ஊருக்குப் போன இன்னொரு தோசை மாஸ்டர் திரும்பவில்லை என்று போன் வந்தது. நைனா ஓட்டலுக்கு ஓடினார். வியாழக்கிழமையும் அந்த மாஸ்டர் வரவில்லை. வெள்ளிக்கிழமையும் வரவில்லை. யாருக்குக் கல்யாணமோ தெரியாது, அந்த மாப்பிள்ளையை நான் மூன்று நாளும் திட்டினேன்.

சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு நைனா வீட்டுக்கு வந்தார். கண் இரண்டும் சிவந்திருந்தன.

"ஆறு மணிக்கு மறுபடியும் டூட்டி. அதுக்குள்ள போயிட்டு வந்துடலாம், வாங்க" என்றார்.

"நீ கொஞ்சம் படு நைனா. அடுத்த வருஷம் போலாம்" என்றேன். மனசே இல்லாமல்தான் சொன்னேன்.

"சொன்னா சொன்னதுதான். அவன ரெடி பண்ணு."

அம்மா மருத்துவமனை வேலைக்குப் போயிருந்தார். யஸ்வந்துக்குத் தலை முதல் கால் வரை நானே வெள்ளை பூசினேன். வேர்வையில் கரைந்தால் மறுபடி பூசலாம் என்று மிச்சத்தை ஒரு டப்பாவில் எடுத்துக்கொண்டேன்.

கோயில் தெருவுக்குள் திரும்பியதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தெரு முழுக்க மனிதத் தலைகள். எல்லா வேஷக்காரர்களும் சந்தனம் பூசி, வேப்பிலையும் எலுமிச்சம்பழ மாலையும் போட்டிருந்தார்கள். வெள்ளை ஒருவர்கூட இல்லை. எங்கள் யஸ்வந்த் ஒருவன்தான் வெள்ளை!

ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வேஷம் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. திருப்பதிக்காரர்களுக்கு அது பிறந்ததிலிருந்தே தெரியும். அதனால் நாகையா மாமாவுக்கு அதைச் சொல்லவே தோன்றியிருக்காது.

சந்தனம் பூசிய பையன்கள் நாலைந்து பேர் எங்களைச் சுற்றிக்கொண்டார்கள். "ஏமிரா பைராகி, புதன்கிழமை தூங்கினவன் இப்பதான் எழுந்தியா? இன்னைக்கு தொர வேஷம்டா, சந்தனம்தான் பூசணும்!" என்று சிரித்தார்கள்.

யஸ்வந்தின் உதடு துடித்தது. "வீட்டுக்குப் போலாம்கா" என்றான்.

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. நாலு நாள் காத்திருந்தது இதற்காகவா? ஆனால் அந்தப் பையன்களைத் திட்டினால் தம்பி இன்னும் அழுவான்.

"நாங்க புதன்கிழமையே கிளம்பிட்டோம் அண்ணா. நகரியிலிருந்து நடந்து வர இத்தனை நாள் ஆயிடுச்சு" என்றேன்.

அவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். இந்த முறை எங்களோடு சேர்ந்து சிரித்தார்கள். நான் டப்பாவைத் திறந்து, குழாய்த் தண்ணீர் விட்டுக் குழைத்து, என் முகத்தில் பூசிக்கொண்டேன். நைனாவுக்கும் முகம், கை, மார்பு என்று பூசிவிட்டேன். இப்போது நாங்கள் மூன்று பைராகிகள். ஒரு ஆள் தப்பு செய்தால்தான் வெட்கம், மூன்று பேர் செய்தால் அவ்வளவாகத் தெரியாது.

"அஞ்சு நிமிஷம் உக்காந்துட்டு கியூவுல போயி நிக்கலாம்" என்று, மூடியிருந்த ஒரு கடைப் படியில் நைனா சம்மணம் போட்டு உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் அப்படியே தூங்கிப்போனார். முதுகுகூட வளையவில்லை.

அப்புறம் நடந்ததைத்தான் நம்பவே முடியாது. வழியில் போன ஒரு அம்மா நின்றார். வெள்ளை பூசி, கண் மூடி, அசையாமல் உட்கார்ந்திருந்த நைனாவைப் பார்த்தார். "என்ன பக்தி!" என்று தன் கையிலிருந்த எலுமிச்சம்பழ மாலையை நைனாவின் கழுத்தில் போட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனார். பின்னாலேயே ஒரு தாத்தா வந்து மடியில் ஒரு வாழைப்பழம் வைத்தார்.

யஸ்வந்த் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான்.

"எழுப்புக்கா. கியூ பெருசாயிக்கினே போவுது" என்றான் கொஞ்ச நேரம் கழித்து.

நானும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது எழுப்பாவிட்டால் கோயிலுக்குள் போகவே முடியாது. எனக்கு உள்ளே போகவேண்டும் என்று அவ்வளவு ஆசை. நைனாவின் தோளைத் தொடக் கையை நீட்டினேன். முழங்கைக்குக் கீழே, தோசைக்கல் சுட்ட தழும்புகள் வெள்ளைக்கு நடுவிலும் தெரிந்தன. கையை இழுத்துக்கொண்டேன். எனக்கு அழுகை வந்தது.

"தூங்கட்டும்டா" என்றேன்.

அப்போது தெருமுனையில் மேளச் சத்தம் கேட்டது. பத்துப் பதினைந்து பேர் ஆடிக்கொண்டே எங்களை நோக்கி வந்தார்கள். தரையே அதிர்ந்தது. யஸ்வந்த் காதைப் பொத்திக்கொண்டு என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தான். அவனைத் தூக்கிக்கொண்டு ஓடலாமா என்று பார்த்தேன். நைனாவை எப்படித் தனியாக விட்டுவிட்டுப் போவது?

திரும்பிப் பார்த்தால் பின்னால் யஸ்வந்தைக் காணோம்.

நடுத்தெருவில் நின்றான். மேளக்காரர்களுக்கு முன்னால், காதில் இருந்த ஒரு கையை எடுத்து உதட்டில் விரல் வைத்து நின்றான்.

"அண்ணா, மெல்ல மெல்ல! எங்க நைனா தூங்கினுக்கீறாரு!"

மேளம் நின்றது. முன்னால் வந்த பெரிய மீசைக்காரர் குனிந்து அவனைப் பார்த்தார். பிறகு படியில் இருந்த நைனாவைப் பார்த்தார். "நிஜமாவே தூங்கறாருடோய்!" என்று கிசுகிசுத்தார். அத்தனை பேரும் மேளத்தைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, நுனிக்காலில் எங்களைக் கடந்தார்கள். கூட்டமும் வாயைப் பொத்திக்கொண்டது.

திடீரென்று தெரு அமைதியானதும் நைனா துள்ளி எழுந்தார்.

"என்னாச்சு? கரண்டு போயிடுச்சா?"

தெருவே சிரித்தது. யஸ்வந்த் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தான். "இப்ப அடிங்கண்ணா!" என்று அவனே கையைக் காட்டினான். மேளம் மறுபடி அதிர்ந்துகொண்டு போனது.

"மணி என்ன?" என்றார் நைனா.

"அஞ்சரை."

அவர் முகம் வாடிவிட்டது. "உள்ள போயி சாமி பாத்தீங்களா?"

"இல்ல நைனா."

"எழுப்பக்கூடாதா? உங்களுக்காகத்தானே வந்தேன்."

"நாங்க எல்லாம் பாத்துட்டோம். உன்னத்தான் நாலு பேரு கும்பிட்டுக்கினு போனாங்க" என்றான் யஸ்வந்த், பெருமையாக. நாலு பேர் இல்லை, இரண்டு பேர்தான். நான் திருத்தவில்லை.

நைனா கழுத்து மாலையைத் தடவிப் பார்த்துக்கொண்டு எழுந்தார். "அடுத்த வருஷம் நல்ல நாளா பாத்து வரலாம் தரணி. எந்த நாளுன்னு இப்பவே சொல்லிடு."

"நீ நல்லாத் தூங்கி எழுந்த நாளு நைனா" என்றேன்.

நைனா என் தலையில் கையை வைத்தார். கொஞ்ச நேரம் எடுக்கவே இல்லை.

யஸ்வந்த் எங்களுக்கு முன்னால் நடந்தான். "தள்ளுங்க, தள்ளுங்க, எங்க நைனா டூட்டிக்குப் போவணும்" என்று அவன் சொல்லச் சொல்ல, அவ்வளவு பெரிய கூட்டமும் எங்களுக்கு வழிவிட்டது.