குறட்டை மாமாவுக்குத் தொண்டை அடைப்பு

அந்த வீட்டில் மொத்தம் நான்கு பேர். பொடியனைக் கேட்டால் ஐந்து பேர் என்பான். ஐந்தாவது ஆள், அலமாரிக்குப் பக்கத்தில் நிற்கும் வாக்குவம் கிளீனர். சுவிட்சைப் போட்டதும் அது போடுகிற சத்தம், அவனுடைய மாமா சாப்பிட்டுவிட்டுத் தூங்கும்போது விடும் குறட்டை போலவே இருக்குமாம். அதனால் அதற்குக் ‘குறட்டை மாமா’ என்று பெயர் வைத்துவிட்டான். நிஜ மாமாவுக்கு இந்த விஷயம் இதுவரை தெரியாது. தெரியாமல் இருப்பதே எல்லாருக்கும் நல்லது.

பொடியனுக்கு ஆறு வயது. அவனுக்குத் தூசி ஆகாது. கொஞ்சம் மூக்கில் ஏறினாலும் போதும், முதலில் தும்மல், அப்புறம் இருமல், அதற்கப்புறம் நெஞ்சுக்குள் யாரோ விசில் அடிப்பது போல ஒரு சத்தம். அம்மாவோ வீட்டிலேயே பள்ளிச் சீருடை தைப்பவர். துணியை வெட்ட வெட்ட, தைக்கத் தைக்க, நூலும் பஞ்சும் பறந்துகொண்டே இருக்கும். வீட்டில் இருப்பது இரண்டே அறைகள். தினமும் சாயங்காலம் தையல் முடிந்ததும் குறட்டை மாமா வந்து, கம்பளத்தில் கிடப்பதையும் கட்டிலுக்கு அடியில் ஒளிந்திருப்பதையும் ஒன்று விடாமல் விழுங்கிவிடுவார். பிறகுதான் பொடியன் நிம்மதியாகத் தூங்குவான்.

அப்பேர்ப்பட்ட மாமா மூன்று நாளாகப் படுத்துவிட்டார். சுவிட்சைப் போட்டால் சத்தம் மட்டும் வந்தது. அதுவும் குறட்டையாக இல்லை, கீச்சுக்குரலாக இருந்தது. ஒரு துண்டு நூலைக்கூட இழுக்கவில்லை. ரிப்பேர் கடைக்காரரிடம் அப்பா போனில் கேட்டார். மோட்டார் போயிருக்கும், கொண்டுவந்து வைத்துவிட்டுப் போங்கள், இரண்டு வாரம் ஆகும் என்று அவர் அங்கிருந்தே சொல்லிவிட்டார்.

அப்பா பஸ் ஓட்டுநர். அவர் இரண்டு பிள்ளைகளையும் வரிசையாக நிற்கவைத்து, மெஷினில் விளையாடினீர்களா, எதையாவது உடைத்தீர்களா என்று விசாரித்தார். அக்கா இல்லை என்றாள். பொடியனும் இல்லை என்றான். இரண்டுமே உண்மைதான்.

துடைப்பத்தால் பெருக்கினால் தூசி இன்னும் கிளம்பியது. பள்ளிகள் திறக்கப்போகும் நேரம், அம்மாவால் தையலை நிறுத்தவும் முடியாது. மூன்று நாளாகப் பொடியன் இருமிக்கொண்டே இருந்ததைப் பார்த்து, அம்மாவும் அப்பாவும் ஒரு முடிவுக்கு வந்தார்கள். மெஷின் சரியாகும்வரை பொடியன் சித்தி வீட்டில் இருக்கட்டும், அவன் பள்ளியில் லீவு சொல்லிக்கொள்ளலாம். சித்தி வீட்டுக்கு நான்கு மணி நேரப் பயணம். இன்று ஐந்தரை மணிக்கு அப்பா வந்து அவனைக் கூட்டிப்போவார்.

பொடியன் தன் துணிப்பையின் மேலேயே உட்கார்ந்திருந்தான். அழவில்லை. அழுதிருந்தால்கூட அக்காவுக்குப் பரவாயில்லை.

“சித்தி வீட்டுக்கு நீயும் வருவியா?” என்று கேட்டான்.

“எனக்கு ஸ்கூல் திறக்குதுடா.”

“அப்போ கழுத்துப் பட்டனை யார் போட்டுவிடுவா? சித்தி போட்டா தாடை மாட்டிக்கும்.”

அக்காவுக்குப் பதினொரு வயது. இத்தனை நாளாக ‘இவன் ஒரு நாளாவது என்னைத் தனியா விடமாட்டானா’ என்று புலம்பியவள் அவள்தான். இப்போது அந்தப் பையைப் பார்க்கவே அவளுக்குப் பிடிக்கவில்லை. மணியைப் பார்த்தாள். நான்கு அடித்திருந்தது.

மோட்டார் போயிருந்தால் சத்தம் எப்படி வரும் என்று அவளுக்குச் சந்தேகம். மெஷினைத் திறந்து பார்க்கட்டுமா என்று அம்மாவிடம் கேட்டாள். அம்மாவின் வாயில் குண்டூசி இருந்தது. அதை எடுத்துவிட்டு, “முதல்ல பிளக்கைப் பிடுங்கு. அப்புறம் எதை வேணும்னாலும் பாரு” என்றார்.

பிளக்கைப் பிடுங்கினாள். மூடியைத் திறந்தாள். உள்ளே தூசிப் பை பாதிகூட நிரம்பவில்லை. பைக்குப் பின்னால் ஒரு ஃபில்டர் இருந்தது. அது இருந்த கோலத்தைப் பார்த்து அவளே பயந்துபோனாள். வெள்ளையாக இருக்கவேண்டியது, சீருடை நீலத்தில் கம்பளி போர்த்திக்கொண்டிருந்தது. பொடியனைச் சன்னல் பக்கம் போகச் சொல்லிவிட்டு, அதை மாடிப்படிக்கு எடுத்துப்போய் ஒரு பைக்குள் வைத்துத் தட்டினாள். பழைய பிரஷ்ஷால் தேய்த்தாள். நம்பிக்கையோடு திரும்பவும் பொருத்தி, பிளக்கைச் செருகி, சுவிட்சைப் போட்டாள்.

கீச்சென்றது. நூல் அசையவில்லை. மணி நாலரை.

விட்டுவிடலாம் என்றுதான் இருந்தது. அப்போது அவளுக்கு ஜூஸ் கடை ஞாபகம் வந்தது. ஸ்ட்ராவில் பழத்துண்டு மாட்டிக்கொண்டால், எவ்வளவு உறிஞ்சினாலும் ஒரு சொட்டு வராது. அதற்காக வாய் ரிப்பேர் என்று யாராவது சொல்வார்களா?

அவள் நீளக் குழாயை மெஷினிலிருந்து கழற்றினாள். அம்மாவைக் கூப்பிட்டு சுவிட்சைப் போடச் சொன்னாள். குழாய் இருந்த ஓட்டைமேல் உள்ளங்கையை வைத்தாள். கை பச்சென்று ஒட்டிக்கொண்டது.

“அம்மா, இழுக்குது. நல்லா இழுக்குது. மோட்டார் போகல.”

அம்மாவும் கையை வைத்துப் பார்த்தார். அந்தக் கடைக்காரரைப் பற்றி ஏதோ முணுமுணுத்தார். அதை இங்கே எழுத வேண்டாம்.

அப்படியானால் அடைப்பு குழாயில்தான். அக்கா மறுபடி பிளக்கைப் பிடுங்கினாள். குழாயை நேராகப் பிடித்து ஒரு முனையில் கண்ணை வைத்தாள். மறுமுனையில் டார்ச் அடிக்கப் பொடியனைக் கூப்பிட்டாள். வெளிச்சம் வரவில்லை. உள்ளே கும்மிருட்டாக இருந்தது.

பொடியனும் எட்டிப்பார்த்தான். “மாமா இன்னும் படிச்சு முடிக்கலையா?” என்றான்.

அக்கா மெதுவாக நிமிர்ந்தாள். “என்னத்தைடா படிக்கணும்?”

“லெட்டர்.”

“இதுக்குள்ள லெட்டர் போட்டியா?”

“வாய் அங்கதானே இருக்கு” என்றான் பொடியன், இதுகூடத் தெரியாதா என்பது போல.

அக்காவுக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. மூன்று நாள் இருமல், அம்மாவின் அலைச்சல், அங்கே தயாராக இருக்கும் பை, எல்லாம் இவனால்தான். அப்பா கேட்டபோது ஏன் சொல்லவில்லை என்று கத்த வாயைத் திறந்தாள். அவன் முகத்தைப் பார்த்தாள். அப்பா கேட்டது, விளையாடினாயா, உடைத்தாயா என்றுதானே? லெட்டர் போட்டாயா என்று யாரும் கேட்கவில்லையே. திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

“சரி, வா. மாமாவுக்கு லெட்டர் தொண்டையில மாட்டிக்கிச்சு. ரெண்டு பேரும் சேர்ந்து எடுப்போம்.”

துடைப்பான் கம்பின் நுனியில், குழாய் கிழியாமல் இருக்கத் துணியைச் சுற்றிக் கட்டினாள். பொடியன் குழாயைக் கட்டிப் பிடித்துக்கொண்டான். அக்கா தள்ளினாள். முதலில் நகரவே இல்லை. கொஞ்சம் திருப்பித் திருப்பித் தள்ளியதும் பொதுக்கென்று வெளியே வந்து விழுந்தது, நீலப் பஞ்சால் ஆன ஒரு பெரிய உருண்டை. அதற்கு நடுவில் சுருட்டிய கெட்டியான ஓவியத் தாள்.

பொடியனைத் தள்ளி நிற்கச் சொல்லி, அக்கா அதை ஈரத் துணியால் துடைத்துப் பிரித்தாள். மெஷினுக்குக் கண்ணும் மீசையும் வைத்து ஒரு படம். பக்கத்தில் கட்டிலில் ஒரு பையன். கீழே கோணல்மாணலாக எழுத்து.

‘மாமா, நீங்க தூசி சாப்பிடறதால நான் தூங்கறேன். தூசி நல்லாவே இருக்காது. ரொம்ப நன்றி.’

அம்மா அதை வாங்கி இரண்டு தடவை படித்தார். பொடியனை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். தன் தையலால்தானே பிள்ளைக்கு இந்தப் பாடு என்று அவர் மனதுக்குள் வெகுநாளாக ஒரு குறை இருந்தது. இந்தப் பிள்ளையோ அதைப் பற்றி ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. தூசி தின்கிற மெஷினுக்காகப் பாவப்பட்டிருக்கிறான். அம்மா அக்காவின் தலையைத் தடவி, “உனக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியலடி” என்று சொன்னார்.

ஐந்தரைக்கு அப்பா மாடிப்படி ஏறும்போதே குறட்டை கேட்டது. பழைய, நல்ல, கனமான குறட்டை. உள்ளே வந்து பார்த்தால் கம்பளம் பளிச்சென்று இருந்தது. அம்மா நடந்ததைச் சொன்னார். அப்பா சித்திக்குப் போன் செய்து, வரவில்லை என்றார். பிறகு தானே உட்கார்ந்து, பையிலிருந்த துணிகளை ஒவ்வொன்றாக அலமாரியில் அடுக்கினார்.

இனிமேல் லெட்டர் வேண்டாம், வாரம் ஒரு தடவை தூசிப் பையைக் காலி செய்து, ஃபில்டரைத் தட்டி வைத்தாலே மாமாவுக்குச் சந்தோஷம் என்று அக்கா பொடியனிடம் சொன்னாள். தூசித் தட்டல் அவள் பொறுப்பு, ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது என்று நினைவுபடுத்துவது அவன் பொறுப்பு. பொடியன் தலையாட்டிவிட்டு உள் அறைக்குப் போனான். வெகு நேரம் சத்தமே இல்லை.

திரும்பி வந்தபோது அவன் கையில் சுருட்டிய இன்னொரு தாள் இருந்தது.

“திரும்பவும் மாமாவுக்கா?” என்று அக்கா பதறினாள்.

“இல்ல, இது உனக்கு” என்றான் பொடியன். அவள் வாயைக் கொஞ்ச நேரம் யோசனையோடு பார்த்தான். “உனக்குக் கையில குடுத்தாப் போதும்தானே?”