ஒடிந்த பல்லுக்கு முத்திரை இல்லை

பிள்ளை நலமாக இருப்பதைக் காட்டும் சிறு காணொளி ஒன்றைத் தினமும் காலையில் பள்ளிக்கு அனுப்ப வேண்டும். அதன் மூலையில் பச்சை முத்திரை இருந்தால் வாயிற்கதவு தானாகத் திறக்கும். ஜெனோவா அனுப்பும் காணொளியைச் சுற்றி மட்டும் சிவப்புக் கட்டம் விழும். அதனால் அவளும் எட்டு வயது மகள் ரூபினியும் பக்கவாட்டு வரிசையில் நிற்பார்கள். காவலர் பிள்ளையை ஏற இறங்கப் பார்த்துத்தான் உள்ளே விடுவார்.

தொழில்முறைப் படத்தொகுப்பு மென்பொருள்கள் மட்டுமே அந்த முத்திரையை இடும். அவற்றில் ஒன்றுகூட லினக்ஸில் ஓடாது. எவரும் திறந்து பார்க்கக்கூடிய இயங்குதளத்தில் முத்திரையின் சாவியை ஒளித்துவைக்க முடியாது என்று நிறுவனங்கள் கைவிரித்துவிட்டன. முத்திரை இல்லாத படம் பொய் என்று சட்டம் வந்தபோது ஜெனோவா கவலைப்படவில்லை. அப்போது அவளும் கணவன் பிரின்சனும் கல்யாண வீடியோ ஸ்டூடியோ நடத்திவந்தார்கள். மென்பொருளின் உரிமக் கணக்கு அவன் பெயரில் இருந்தது. அவள் பிரிந்துபோன அன்று மாலையே அவளுடைய நுழைவை முடக்கினான். பழைய கணினியில் லினக்ஸ் ஏற்றி, இலவசக் கருவிகளை வைத்து அவள் தொழிலைத் தொடர்ந்தாள். வெட்டு சுத்தமாகத்தான் இருந்தது. வாங்க ஆளில்லை.

இன்று குடும்பத் தீர்வகத்தில் கடைசி விசாரணை. ரூபினி யாரிடம் வளர்வாள் என்பது முடிவாகிவிடும். ஜெனோவாவிடம் இருந்த ஒரே சாட்சி, வீட்டுக் கேமராவில் பதிந்த காட்சி. பிரின்சன் ஆத்திரத்தில் நாற்காலியை உதைக்கிறான். அதன்மேல் நின்ற பிள்ளை விழுகிறாள். முன்பல் ஒடிகிறது.

சிவப்புக் கட்டத்தைக் கண்டதுமே தீர்வாளர் திரையை அணைத்துவிட்டார். உரிமமுள்ள கணினியில் முத்திரை வாங்கினால் பார்ப்பதாகச் சொன்னார். பிரின்சன் முந்திக்கொண்டான்.

"குடுங்க மேடம், என் லேப்டாப்லயே போட்டுத் தாரேன். அவ வேணும்னா பக்கத்துல நின்னு பாக்கட்டும்."

ஜெனோவா பக்கத்தில் நின்று கண்கொட்டாமல் பார்த்தாள். அவன் ஒரு சட்டகத்தைக்கூட வெட்டவில்லை. முத்திரைப் பொத்தானை மட்டும் அழுத்தினான்.

திரையில் படம் ஓடியது. அதில் பிரின்சன் நாற்காலியை மெல்ல நகர்த்தினான். ரூபினி சிரித்துக்கொண்டே குதித்தாள். பல் வரிசை முழுசாக மின்னியது.

மங்கல நெறி. ஜெனோவாவுக்கு அப்போதுதான் உறைத்தது. கல்யாண வீட்டில் பந்திச் சண்டை, மாப்பிள்ளை முறைப்பு, மணப்பெண் அழுகை எல்லாவற்றையும் முத்திரை விழும்போதே சிரிப்பாக மாற்றிவிடும் அமைப்பு அது. ஒவ்வொரு படத்துக்கும் தனித்தனியாகச் சொல்லச் சலித்து, அதை ஸ்டூடியோக் கணக்கில் நிரந்தரமாகப் போட்டுவைத்தவளே அவள்தான். லினக்ஸில் அப்படியொன்று இல்லாததால் மறந்தே போயிருந்தாள்.

"தெரிஞ்சேதான செஞ்ச?" என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு.

"நான் ஒண்ணும் செய்யல தாயி. நீ போட்டு வச்ச செட்டிங். ஒன் கைவேலைய நான் எதுக்கு மாத்தணும்?"

நெறியை நீக்கிவிட்டு இன்னொரு முறை முத்திரையிடச் சொல்லி அவள் மன்றாடினாள். ஒரு காட்சிக்கு ஒரு முத்திரைதான் என்றார் தீர்வாளர். பெஞ்சில் இருந்த ரூபினியை முன்னால் நிறுத்தி வாயைத் திறக்கச் சொன்னாள் ஜெனோவா. தீர்வாளர் குனிந்து பார்த்தார்.

"பல்லு எப்ப வேணா ஒடியலாம்மா. முத்திர விழுந்த படத்துல முழுசா இருக்கே."

வெள்ளிக்கிழமை முதல் பிள்ளை தகப்பனிடம் என்று தீர்ப்பானது.

படியிறங்கும்போது ரூபினி அம்மாவின் விரலைப் பிடித்திழுத்தாள்.

"படத்துல நான் சிரிக்கேம்லா?"

ஜெனோவா அந்தச் சிறு விரல்களை இறுகப் பற்றிக்கொண்டாள்.

"அப்ப அன்னைக்கு எனக்கு வலிக்கல போல" என்றாள் ரூபினி. நாக்கு நுனியால் ஒடிந்த பல்லைத் தடவிக்கொண்டே, அப்பாவின் கார் நின்ற பக்கம் பார்த்தாள்.