முகமூடிக்குள் ஒரு தமிழ்க் குரல்

இப்படியும் ஒருத்தன் இருப்பானா...? துஷ்யாவின் மடியிலிருந்த சிப்ஸைப் பறித்து, இரண்டை வாயில் போட்டுக்கொண்டு, மீதியைத் தரையில் கொட்டினான் அந்த முகமூடிக்காரன். லண்டன் அரங்கமே அவனைப் பார்த்து ஊளையிட்டது. நாடகம் மாதிரி நடத்தும் இந்த மல்யுத்தத்தில் அவனுக்கு வில்லன் வேடம். ஊரெல்லாம் காசு கட்டி நேரலையில் பார்க்கும் சாம்பியன் பட்டப் போட்டியில் இன்றைக்கு மோதுவது அவன்தான்.

"மாடு," என்று முணுமுணுத்தாள் துஷ்யா. கிழக்கு லண்டன் இல்ஃபோர்டில் பிசியோதெரபிஸ்ட் அவள். தோழிகள் இழுத்து வந்ததால்தான் இந்த முன்வரிசை.

முகமூடிக்குள் இரண்டு கண்கள் திடுக்கிட்டன... அகலமான, வெட்கப்பட்ட கண்கள்.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ... இது என்ர வேலை," என்று அவளுக்கு மட்டும் கேட்கச் சொல்லிவிட்டு, உறுமிக்கொண்டே ரிங்கில் ஏறினான். அட, நம்ம ஆளா! அவளுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு அவள் கண் அவனை விட்டு நகரவில்லை.

பட்டம் கைக்கெட்டும் நேரத்தில், ரிங்கின் மேல் கயிற்றில் ஏறி நின்றவன் தவறி அவள் காலடியில் வந்து விழுந்தான். நடிப்பென்று நினைத்து எல்லாரும் கேலி செய்தார்கள். "அம்மா... கையை அசைக்க ஏலாது," என்று அவன் முனகியது அவளுக்கு மட்டும்தான் விளங்கியது. தோள்மூட்டு விலகி நின்றது. இனியும் சண்டை போட்டால் கையே போய்விடும். அவள் நடுவரைக் கூப்பிட்டுச் சொன்னாள். அவர் இரு கைகளையும் தலைக்கு மேல் குறுக்காகப் பிடித்தார். நடிப்பில்லை, நிஜக் காயம் என்பதற்கு அதுதான் சைகை. போட்டி நின்றது. பட்டத்துக்கான பெல்ட் பழைய சாம்பியனிடமே தங்கிவிட்டது.

வலியில் அவனுக்குத் தமிழ் மட்டுமே வந்ததால், வைத்திய அறைக்கு அவளையும் கூட்டிப் போனார்கள். முகமூடியைக் கழற்றியிருந்தார்கள். பெயர் ஜதுசன். இனி ரிங்கில் ஏறும் எண்ணமே வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார் டாக்டர். ஜன்னல் கண்ணாடியில் மழை வழிந்தது...

"நடுவரிட்ட ஏன் சொன்னனீங்கள்?" என்றான். "இண்டைக்கு நான் வெல்லிறதெண்டு முதலே பேசி வைச்சது. இன்னும் ஒரு நிமிசம்... இவ்வளவு வருசமும் அதுக்குத்தான் அடி வாங்கினனான்."

அவன் கனவை முடித்து வைத்தவள் தான்தானே... கதவு வரை போனாள். அதற்கு மேல் கால் நகரவில்லை.

"திரும்ப நடந்தாலும் நான் சொல்லுவன்," என்றாள். "நீங்கள் துடிக்கிறதைப் பாக்க ஏலேல்லை. எனக்கு உங்களைப் பிடிச்சுப்போச்சு... நீங்கள் என்னை வெறுத்தாலும் சரி."

அவன் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அழுகிறான் என்று தெரிந்தது.

"எப்பிடி வெறுக்கிறது?" என்றான் அவள் பக்கம் திரும்பி. "கயித்தில ஏறி நிண்டும் உங்களைத்தான் பாத்தனான்... அதாலதான் கால் தவறினது."