மிதி, விடு

சாவியைத் திருப்பி இன்ஜினை நிறுத்திய பிறகும் அந்தச் சத்தம் நான்கு முறை கேட்டது. டொக், டொக். கொஞ்சம் இடைவெளி. மறுபடி டொக், டொக். சூடான இரும்பு ஆறும்போது அப்படித்தான் முனகும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார் மெக்கானிக். இருபது வருஷம் பஸ் டெப்போவில் இரும்போடு குடித்தனம் நடத்தியவர். ஆறுகிற இரும்பு கதவைத் தட்டுகிற மாதிரி இவ்வளவு நிதானமாகத் தட்டாது என்று அவருக்குத் தெரியும். தெரிந்ததுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

நாளைக் காலை அவர் மனைவி இந்தக் காரில்தான் மகளையும் சாமான்களையும் ஏற்றிக்கொண்டு மலைமேல் இருக்கும் பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும். அங்கே மனைவிக்குப் புது டீச்சர் வேலை. அந்த ஏற்றத்துக்குப் பழைய கிளட்ச் தாங்காது என்று கனமான ஒன்றாகப் பார்த்து மாற்றினார். மாற்றிய நாளிலிருந்து இந்தப் பீடை. பெடலை மிதித்தால் வரும் சத்தத்துக்கு ஒரு பேரிங் காரணம், விட்டால் வரும் சத்தத்துக்கு இன்னொரு பேரிங். இரண்டையும் புதிதாகப் போட்டாயிற்று. மூன்று தடவை கியர்பாக்ஸை இறக்கி ஏற்றியாயிற்று. சத்தம் எதற்கும் மசியவில்லை. கற்ற தொழிலே தன்னைப் பார்த்துப் பல்லிளிப்பதாக இருந்தது அவருக்கு.

மனைவியிடம் சொல்லாத சங்கதி ஒன்று உண்டு. கிளட்ச் புதிதல்ல. பழைய இரும்புக் கடையில், மலையில் உருண்டு நொறுங்கிய ஒரு காரிலிருந்து கழற்றியது.

“தகடு எப்படி இருக்கு பாருங்க, தேயவே இல்ல,” என்றார் கடைக்காரர். “ஓட்டினவரு கடைசி வரைக்கும் கிளட்சுலேர்ந்து காலை எடுக்கலயாம். பெடலோட சேத்து வெட்டித்தான் எடுத்தாங்க.”

“நல்ல டிரைவர்தான்,” என்று அன்றைக்கு இவர் சிரித்துவேறு வைத்தார்.

சாயங்கால வெயிலில் ஷெட்டின் தகரக் கூரை படபடத்துக்கொண்டிருந்தது. காரின் மூக்கு வாசலைப் பார்த்து நின்றது. முன்பக்கத்தை மட்டும் ஜாக்கி வைத்துத் தூக்கி, இரண்டு ஸ்டாண்டுகளில் உட்கார வைத்திருந்தார். இன்ஜின் சுழற்றுகிற பின் சக்கரங்கள் தரையில்தான் இருந்தன. ஹேண்ட்பிரேக் போட்டிருக்கிறதே என்ற தைரியம். டெப்போவில் ஒரு புதுப் பையன் இப்படிச் செய்தால் காதைத் திருகியிருப்பார்.

மனைவியை டிரைவர் சீட்டில் உட்கார வைத்து, இன்ஜினை ஓட விட்டு, அடியில் போய் மல்லாந்து படுத்தார். நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியை கியர்பாக்ஸில் வைத்துப் பிடியைக் காதில் அழுத்தினார். மற்றக் காதில் துணி. கண்ணை மூடிக்கொண்டார். கண் திறந்திருந்தால் காது சோம்பேறியாகிவிடும் என்பது அவர் கணக்கு.

“மிதி.”

பெடல் நடுங்கி நடுங்கி இறங்குவது ஸ்க்ரூடிரைவர் வழியே காதுக்குத் தெரிந்தது.

“அம்மாடி, என்னங்க இது, யானையை மிதிக்கிற மாதிரி இருக்கு. கால் விட்டுப்போச்சு.”

“நான் விடுன்னு சொல்லாம ஏன் விடுற? ஒரு காலை ஒரு எடத்துல வெக்கத் தெரியாதா உனக்கு?” கத்திய பிறகுதான், கோபம் அவள்மேல் இல்லை என்பது அவருக்கு உறைத்தது. மன்னிப்புக் கேட்கத்தான் மனம் வரவில்லை.

மேலே அவள் ஏதோ சொன்னாள். வண்டி லேசாகக் குலுங்கி அடங்கியது. காதிலிருந்து துணியை எடுக்க அவருக்குப் பொறுமையில்லை.

“ம், மிதி.”

இந்தத் தடவை பெடல் ஒரே சீராக இறங்கியது. துளி நடுக்கமில்லை. கிளட்சைத் தள்ளும் இரும்புக் கை நகர்ந்து, அப்படியே நின்றது.

“இப்பதான் சரியா மிதிக்கிற. விடு.”

டொக், டொக்.

“மிதி.”

நிசப்தம். மிதித்தால் அமைதி, விட்டால் சத்தம். கால் மணி நேரம் மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்தார். மேலிருந்து ஒரு முணுமுணுப்புகூட இல்லை. சத்தமும் ஒரு தடவை பிசகவில்லை. கடைசியில் வந்தியா வழிக்கு என்று அவருக்குச் சந்தோஷம் பொங்கியது.

“அப்படியே மிதிச்சு வெச்சிரு. நான் விடுன்னு சொல்ற வரைக்கும் காலை எடுக்காதே.”

பெடல் மேலே எழவில்லை. ஐந்து நிமிடம். பத்து நிமிடம். கால் வலிக்குமே என்று நினைத்தார். ஈரமண்ணும் கொட்டிய பெட்ரோலும் கலந்த வாடை ஒன்று மெல்ல இறங்கி வந்தது. ஷெட்டில் ஈரமண் ஏது?

கண்ணைத் திறந்து, துணியை உருவிவிட்டு, வாசல் பக்கம் தலையைத் திருப்பினார்.

தெருவிலிருந்து நான்கு கால்கள் உள்ளே வந்துகொண்டிருந்தன. மனைவியின் நீலச் செருப்பு. பக்கத்தில் மகளின் வெள்ளை ஷூ. நடுவில் தக்காளிப் பை.

“இன்னும் முடியலையா? நீங்களே மிதிச்சுக்கோங்க, கடைக்குப் போறேன்னு கத்திட்டுத்தானே போனேன்,” என்றாள் மனைவி. “யாருங்க அது உள்ள?”

நீலச் செருப்பு இன்னும் இரண்டு அடி வைத்தது. நின்றது. தக்காளிகள் தரையில் உருண்டன. வெள்ளை ஷூக்கள் சட்டென்று நீலச் செருப்புக்குப் பின்னால் இழுபட்டன. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் எதைப் பார்த்தாள் என்று அவருக்குத் தெரியவில்லை.

முகத்துக்கு மேலே ஹேண்ட்பிரேக் கம்பி விடுபட்டுத் தொய்ந்தது.

கியர் தண்டு நகர்ந்தது. முதல் கியர்.

இனி வண்டியைப் பிடித்து வைத்திருப்பது அந்தக் கால் ஒன்றுதான். அவர் வெளியே வர நாலு உந்து வேண்டும். கால் மேலெழ ஒரு நொடி போதும். அடியில் அவர். நேர் எதிரே அவர்கள் இருவரும்.

ஓடு என்று சொல்ல வாயைத் திறந்தார்.

காதில் அழுத்தியிருந்த ஸ்க்ரூடிரைவர் வழியே, கியர்பாக்ஸின் உள்ளிருந்து, களைத்துப்போன ஒரு குரல் பணிவாகக் கேட்டது.

“விடட்டுமா?”

அதுவரை அசையாமல் நின்ற இரும்புக் கை, முதல் தடவையாக நடுங்கத் தொடங்கியது.