நிரப்பிய வயலில் ஒரு வீடு

பறவைகள் சரணாலயக் குளத்தை ஒட்டி, வருஷமெல்லாம் நீர் தேங்கும் வயலை மண்ணடித்து நிரப்பி ஆன்ட்ரூஸ் வீடு கட்டினான். கேட்டவர்களிடம், "சரணாலயம் போர்டுக்கு அந்தப் பக்கம்லா" என்றான். போர்டைப் பறவை வாசிக்குமா என்ன? மண் ஒரு மழைக்காலமாவது கிடந்து அமரட்டும் என்றார் கொத்தனார். அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு. மனைவி ஷைஜாவின் பிரசவத்துக்குள் குடியேற வேண்டுமென்று, குவைத்திலிருந்து லீவில் வந்து கூடவே நின்று கட்டி முடித்தான். போதகர் ஜெபம் செய்து வீட்டைப் பிரதிஷ்டை செய்தார். வந்தவர்கள் ஜன்னல் வழியே நாரைகளைப் பார்த்து, "குடுத்து வச்சவன்டே நீ" என்றார்கள்.

முதல் மழையிலேயே படுக்கையறையில் சேற்று வாடை எழுந்தது. பினாயில் ஊற்றியும் போகவில்லை. பிறகு டைல்ஸுக்கு அடியில் ஏதோ கீறும் சத்தம். எலி என்றான் ஆன்ட்ரூஸ். ஷைஜா காது கொடுத்துக் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

ஒரு மத்தியானம் கடையிலிருந்து திரும்பியவன் அறைவாசலில் நின்றுவிட்டான். மூலையில் குந்தியிருந்தாள் அவள். சுற்றிலும் குளத்துச் சேற்றில் வளரும் சம்பைப்புல், ஈரத்தோடு வட்டமாகக் குவிந்து கிடந்தது.

"ஏட்டி, என்ன இது? எழும்பு. ஆஸ்பத்திரிக்குப் போணும்லா?"

"எழும்பப்பிடாது," என்று கிசுகிசுத்தாள். "சூடு போயி தணுத்துப் போவும்."

அந்த மூலை அவனுக்குத் தெரியும். முதல் மண் லாரி வந்த அன்று, அங்கே சம்பைக்குள் ஒரு குளக்கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. டிரைவர் ஹாரன் அடித்தும் அசையவில்லை. "அது தானா போவும், நீ மண்ணத் தட்டுலே" என்றவன் ஆன்ட்ரூஸ்தான். அது போகவில்லை. அப்போது தாய்வீட்டில் இருந்த ஷைஜாவிடம் அவன் இதைச் சொன்னதே இல்லை.

"பிள்ளைக்கு ஏதாவது ஆயிரும். எழும்பு மக்கா."

அவள் நிமிர்ந்தாள். கண் இமைக்கவில்லை.

"மண்ணு விழுந்தப்ப நான் எழும்புனேனா?"

அவளை வலுக்கட்டாயமாகத் தூக்கிக் காரில் போட்டுக்கொண்டு ஓடினான். குழந்தை பிறந்தது. தொட்டால் ஜில்லென்றிருந்தது, அழவே இல்லை. டாக்டர் ஏதேதோ காரணம் சொன்னார். ஷைஜா அவன் முகத்தைக்கூடப் பார்க்காமல் தாய்வீட்டுக்குப் போய்விட்டாள்.

அடக்கம் முடிந்து தனியாக வந்து வீட்டைத் திறந்தான். பாழாய்ப்போன புல்லை வாரி எறியக் குனிந்தவன், தரையில் கை ஊன்றினான்.

தரை கதகதவென்றிருந்தது.

அடியிலிருந்து, முட்டை ஓட்டை உடைப்பதுபோல், ஏதோ மெல்லக் கொத்தியது.