சிவப்பு நாடா கட்டிய நிரை

“மிதிச்சிடாதீங்க...!”

கத்திக்கொண்டே ஓடி வந்தவன் தேயிலைச் சரிவின் மழைச்சேற்றில் மண்டியிட்டுத் தவமலரின் பூட்ஸைப் பிடித்துக்கொண்டான். முதுகில் பூச்சிமருந்துத் தொட்டியோடு அவள் ஒற்றைக் காலில் தடுமாறினாள். யாருடா இவன், வந்ததும் காலைப் பிடிக்கிறான்!

“விடுங்க சார்! ஒரு எறும்புக்கா இந்தக் கூத்து?”

“எறும்பு இல்லங்க, குளவி. வெல்வெட் எறும்புன்னு பேருதான். இதுல ஆணுக்குச் சிறகு உண்டு, பொண்ணுக்குக் கிடையாது.”

“அட, அங்கயும் அப்படித்தான்லா!”

அவன் சிரித்துக்கொண்டே நிமிர்ந்தான். மழைத்துளி வழிந்த கண்ணாடிக்குள் அந்தக் கண்கள்... தவமலருக்குத் திட்ட வந்த வார்த்தை மறந்தே போனது.

மகேஸ்வரன் கோலாலம்பூரிலிருந்து வந்த பூச்சி ஆராய்ச்சி மாணவன். சிவப்பு உடம்பில் இரண்டு வெள்ளைப் பொட்டு வைத்த அந்தப் பூச்சி மிக அரிய இனமாக இருக்கலாம் என்றான். ஆணும் பெண்ணும் பார்வைக்கு வேறுவேறாம். இரண்டையும் ஜோடியாகப் பிடித்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியுமாம்.

இரண்டு வாரம் அவளது தேநீர் வேளையெல்லாம் அவன் பக்கத்திலேயே கழிந்தது. அவள் ரொட்டியில் பாதியைப் பிட்டுத் தின்றபடி ஒருநாள் சொன்னான்.

“ஆண் மட்டும் கிடைக்கட்டும் மலர்... அன்னைக்கே பஸ் ஏறிடுவேன்!”

அவள் மிச்ச ரொட்டியைப் பொட்டலத்தில் மடித்து வைத்தாள். போகாதீங்க என்று சொல்ல வாய் வரவில்லை. மருந்து அடிக்கிறவள் போய்ப் படித்தவனிடம் கெஞ்சுவதா?

மறுநாள் அந்தப் பூச்சிகள் நடமாடும் தேயிலைச்செடி நிரையில் அவன் சிவப்பு நாடா கட்டியிருந்தான். யாரும் தொடக் கூடாது என்றுதான் கட்டினான். தோட்டத்திலோ சிவப்பு நாடா கட்டினால் அந்த நிரையில் புழு அதிகம், அங்கே இரண்டு தடவை மருந்து அடிக்க வேண்டும் என்று அர்த்தம். அவன் எதற்குக் கட்டினான் என்று அவளுக்குத் தெரியும். கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு அடித்தாள், இரண்டு தடவை.

ஞாயிற்றுக்கிழமை அவன் ஊருக்குக் கிளம்புகிறான் என்று கேட்டு, தானா ராத்தா டவுன் பஸ் நிலையத்துக்கு அவள் மூச்சிரைக்க வந்தாள். அவன் ஒரு சின்னப் போத்தலை நீட்டினான். உள்ளே சிவப்புப் பெண்ணும் சிறகுள்ள கறுத்த ஆணும் சேர்ந்தபடியே செத்துக் கிடந்தன.

“அந்த அரிய இனமேதான் மலர். ஆனா மருந்து பட்டு, அந்தச் சரிவுல இனி ஒண்ணுகூட இல்ல. எல்லாம் என் தப்பு. சிவப்புல கட்டக் கூடாதுன்னு உங்க வேலைய மேற்பார்க்குற மண்டோர் சொல்லித்தான் தெரியும்.”

பேசாமல் இருந்திருக்கலாம். அவளால் முடியவில்லை.

“உங்க தப்பு இல்ல. தெரிஞ்சேதான் அடிச்சேன்... ஆண் கிடைச்சா போயிடுவீங்கன்னு. உங்கள விட்டுட்டு என்னால இருக்க முடியாது சார்...”

அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான்.

“வந்த மூணாவது நாளே ரெண்டையும் ஜோடியா பார்த்துட்டேன் மலர். புடிச்சா கிளம்பணுமேன்னுதான் புடிக்கல. பஸ் ஏறிடுவேன்னு சொன்னா... போகாதீங்கன்னு சொல்லுவீங்கன்னு பார்த்தேன்.”

பஸ் உறுமியது.

“போகாதீங்க...”

அவன் பையைக் கீழே வைத்தான். இருவரும் அந்தப் போத்தலைப் பார்த்து அழுதார்கள். அந்த ஒரு வார்த்தை சில நாள் முந்தி வந்திருந்தால், அவை இரண்டும் இந்நேரம் அந்தச் சரிவில் உயிரோடு இருந்திருக்கும்.